உண்டி, துயில், மெய்ப்பாடு: கல்லூரி மாணவரின் நாளொழுக்கமும் மனநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவரின் உணவு, உறக்கம், உடலியக்கம் ஆகிய அன்றாடப் பழக்கங்களுக்கும் அவர்தம் மனநிலைக்கும் உள்ள உறவு இன்றைய உளவியலில் விரிவாக ஆராயப்பட்டு வருகிறது. அப்பழக்கங்களைத் தமிழ் மரபு எந்தெந்தச் சொற்களால் மதிப்பிட்டு வந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உறக்கமும் உணவும் குறைவதை அகமரபு மனத்தின் வெளிப்பாடாகக் கண்டது. அவை மிகுவதை அறமரபு ஒழுக்கக் குறையாகக் கண்டது. இவ்விரண்டையும் ஓரிடத்தில் வைத்து நோக்கியது மருத்துவ மரபாகும். இப்பாகுபாடு இன்றைய மாணவரின் மனச்சோர்வை இனங்காண்பதில் ஏற்படுத்தும் இடர்ப்பாடு தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், திருக்குறள், ஆசாரக்கோவை, ஆத்திசூடி ஆகியவற்றின்வழி விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்

மெய்ப்பாடு, மடிமை, கையாறு, துஞ்சல், நாளொழுக்கம், மனச்சோர்வு.

முன்னுரை

பதினெட்டு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடைப்பட்ட கல்லூரிப் பருவத்தில்தான் பலர் முதன்முறையாகத் தம் உணவையும் உறக்கத்தையும் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியவராகின்றனர். வீட்டில் பிறர் எழுப்ப எழுந்தவர், பிறர் இட உண்டவர், விடுதியிலோ வாடகை அறையிலோ அவ்வொழுங்கினை இழக்கின்றார். அவ்விழப்பு மனநிலையைத் தாக்குமா, மனநிலை தளர்ந்ததால் ஒழுங்கு குலைகிறதா என்பது எளிதில் விடைகாண இயலாத வினா. 2020ஆம் ஆண்டில் ஷே-ரூபி விக்கம் முதலானோர் வெளியிட்ட ஆய்வொன்று, நியூசிலாந்தையும் அமெரிக்காவையும் சார்ந்த 18 முதல் 25 வயதுக்குட்பட்ட 1,111 பேரிடம் உறக்கம், உடலியக்கம், உணவு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. மனநலத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக அதில் காணப்பட்டது உறக்கத்தின் தரமே. உறக்கத்தின் அளவைக் காட்டிலும் அதன் தரம் முன்னின்றது. அடுத்த நிலையில் உடலியக்கமும் அதன்பின் உணவும் அமைந்தன. இது ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பாதலின், எது காரணம் எது விளைவு என்பதை அதனால் நிறுவ இயலாது.

இத்தகைய ஆய்வுகள் தமிழ்நாட்டு வகுப்பறைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் அறிவுரையாக உருமாறுகின்றன. 'அதிகாலையில் எழு, அளவோடு உண், சோம்பியிராதே' என்னும் அறிவுரைக்குத் துணையாகத் திருக்குறளும் ஆத்திசூடியும் மேற்கோள் காட்டப்படுகின்றன. மேற்கோளாகும் நூல்கள் உண்மையில் என்ன கூறுகின்றன, எதனை ஒரே சொல்லில் அடக்காமல் பிரித்துக் காட்டுகின்றன என்பது அவ்விடங்களில் கவனிக்கப்படுவதில்லை.

குறைதலும் மிகுதலும்

மனச்சோர்வை அளந்தறிய இன்று உலகெங்கும் பயன்படுத்தப்படும் கருவிகளுள் ஒன்று பிஎச்கியூ-9 என்னும் வினாநிரலாகும். குர்ட் குரோன்கே, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட இந்நிரலில் ஒன்பது வினாக்கள் உள்ளன. கடந்த இரு வாரங்களில் செயல்களில் நாட்டமின்மை, மனம் தாழ்ந்திருத்தல், உறக்கக் குலைவு, களைப்பு, உணவு விருப்பில் மாற்றம், தம்மைத் தாமே இழிவாக எண்ணுதல், கவனம் நில்லாமை, அசைவு மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமை, உயிர்வாழ்வில் வெறுப்பு ஆகியவை எத்தனை நாள் இருந்தன என்று அது வினவுகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 27.

இவ்வினாநிரலில் ஊன்றி நோக்கத்தக்க ஓர் அமைப்பு உள்ளது. உறக்கம் வராமையும் மிகுதியாக உறங்குதலும் ஒரே வினாவில் அடங்குகின்றன. உணவு செல்லாமையும் மிகுதியாக உண்ணுதலும் அவ்வாறே ஒரே வினாவில் உள்ளன. எதிரெதிரான இரு நடத்தைகள் ஒரே உள்நிலையின் புறத்தோற்றமாகலாம் என்பது இதன் அடிப்படை.

தமிழ் மரபில் இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பேசப்பட்டுள்ளன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், காமம் இடையீடுபட்ட நிலையில் தலைவியிடம் தோன்றும் குறிகளைத் தொகுத்துரைக்கிறது. இன்பம் தருவனவற்றை வெறுத்தல், உணவு குறைதல், உடல் சுருங்குதல், கண் உறங்க மறுத்தல், கனவில் மயங்குதல் முதலானவை அத்தொகுப்பில் இடம்பெறுகின்றன. பிஎச்கியூ-9இன் முதல் வினாவும் இன்பத்தில் நாட்டமிழத்தலைப் பற்றியது என்பது ஒப்புநோக்கத்தக்கது. குறுந்தொகையின் 6ஆம் பாடலிலும் 28ஆம் பாடலிலும் ஊரும் உலகும் உறங்க, ஒருத்தி மட்டும் விழித்திருக்கும் இரவு காட்டப்படுகிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் கண்விதுப்பழிதல் என்னும் அதிகாரம், காதலர் வந்தாலும் வாராவிடினும் உறங்காத கண்களைப் பேசுகிறது. இவ்விடங்கள் அனைத்திலும் உறக்கமின்மை பரிவுக்குரிய நிலையாகவே வருகிறது. உறங்காதவளைக் குற்றம் கூறும் குரல் இல்லை.

மிகுதி பேசப்படும் இடம் வேறு. திருக்குறள் 605, காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் கெடுவோர் விரும்பி ஏறும் கலமாக உருவகிக்கிறது. ஆத்திசூடி விடிந்தபின் உறங்குதலையும் மிகையாக உண்ணுதலையும் விலக்குகிறது. இங்கு உறக்கமும் உணவும் குணக்குறையின் அடையாளங்கள்.

ஆக, குறைவு அகத்திற்கு உரியதாகவும் மிகுதி அறத்திற்கு உரியதாகவும் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவு இலக்கிய வரலாற்றுச் செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. உண்ணாமல் உறங்காமல் இருக்கும் மாணவரைப் பார்த்து 'என்ன கவலை?' என்று கேட்கும் வீடும் விடுதியும், பகல் பத்து மணிவரை போர்வைக்குள் கிடக்கும் மாணவரைப் பார்த்துச் 'சோம்பேறி' என்கின்றன. முதலாமவர் வினவப்படுகிறார், இரண்டாமவர் தீர்ப்பிடப்படுகிறார். இருவரும் ஒரே நோயால் வருந்துபவராக இருக்கக்கூடும். குறள் 605 சுட்டும் நான்கனையும் பிஎச்கியூ-9இன் உறக்கம், களைப்பு, கவனம் பற்றிய வினாக்களோடு ஒருங்கு வைத்து நோக்கின், மனச்சோர்வுற்ற மாணவர் ஒருவரின் புறத்தோற்றமும் ஏறத்தாழ அந்நான்காகவே இருத்தலைக் காணலாம். குறள் பேசுவது வினை செய்ய வல்லவர் வினையைக் கைவிடுதலைப் பற்றி. வினை செய்ய இயலாதவரை அக்குறளால் அளப்பது நூலின் பொருளன்று.

இங்கு ஒரு தெளிவு வேண்டப்படுகிறது. தொல்காப்பியர் மனச்சோர்வு நோயை அறிந்திருந்தார் என்பது மேற்கண்ட ஒப்பீட்டின் முடிவன்று. கருத்தரங்கக் கோவைகளில் ஆண்டுதோறும் இடம்பெறும் அவ்வகை உரிமைகோரல்கள் நூலுக்கும் பெருமை சேர்ப்பதில்லை, அறிவியலுக்கும் பயன்படுவதில்லை. மெய்ப்பாட்டியலின் குறிகள் காதல் துயருக்கு உரியவை. செய்யுளில் பொருள் விளங்குவதற்கு உறுப்பாக வகுக்கப்பட்டவை. உடலின் அன்றாடச் செயல்களில் மனம் வெளிப்படும் என்னும் நோக்கு அங்கு முறையாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது என்பதே கொள்ளத்தக்கது.

மடிமையும் கையாறும்

மேற்கூறிய பிரிவுக்கு விலக்காக அமைவதும் மெய்ப்பாட்டியலே என்பது வியப்பிற்குரியது. எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறியபின், அவையல்லாதனவாக முப்பத்திரண்டு நிலைகளைத் தொல்காப்பியம் நிரல்படுத்துகிறது. துஞ்சல், கனவு, மடிமை, உயிர்ப்பு, கையாறு, இடுக்கண் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. மடிமை என்பது சோம்பல். அறநூலார் கடிந்தொதுக்கும் அதனை இலக்கண நூல் கடியவில்லை. அடக்கம், அன்பு, நாணம் ஆகியவற்றோடு ஒப்ப வைத்து, மனிதரிடம் காணத்தகும் ஒரு நிலையாகக் குறித்துச் செல்கிறது.

அதே பட்டியலில் மடிமையும் கையாறும் வேறுவேறாக எண்ணப்பட்டிருப்பது இக்கட்டுரையின் நோக்கிற்கு மிக இன்றியமையாதது. கை என்னும் சொல்லுக்குச் செயல் என்னும் பொருளும் உண்டு. கையறுதல், செயலற்றுப் போதல். ஆதரித்த தலைவன் இறந்தபின் புலவரும் பாணரும் பாடும் புறத்துறைக்குக் கையறுநிலை என்று பெயர் அமைந்ததும் இதனாலேயே. இழப்பினால் செயல் நின்றுபோகும் நிலையைச் சுட்ட ஒரு சொல்லும், செய்ய வல்லவர் செய்யாதிருக்கும் நிலையைச் சுட்ட மற்றொரு சொல்லும் தமிழில் இருந்தன. புறத்தே காண்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். இரண்டிலும் ஆள் அசையாமல் கிடப்பார். வேறுபாடு சூழலை அறிந்தாலன்றி விளங்காது. இன்றைய பேச்சுவழக்கில் கையாறு வழக்கொழிந்தது, சோம்பல் எஞ்சியது. இரு நிலைகளுக்கும் ஒரு சொல்லே எஞ்சியிருக்குமாயின், அச்சொல் எந்தப் பக்கம் சாயும் என்பதை விடுதிக் காப்பாளரின் வருகைப் பதிவேடு காட்டும்.

கையாற்றிற்கு இட்டுச்செல்லும் சூழல்களையும் மெய்ப்பாட்டியலிலிருந்தே அறியலாம். அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கின் வழியாகப் பிறக்கும். இளிவு, பிறரால் இகழப்படுதல். இழவு, உறவையோ பொருளையோ இழத்தல். அசைவு, முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல். தமிழ்வழியில் பயின்று பள்ளியில் முதன்மை பெற்ற ஒருவர், ஆங்கிலவழிப் பொறியியல் வகுப்பில் முதற்பருவத் தேர்வில் தோல்வியுறும்போது நேர்வது அசைவு. வகுப்பில் எழுந்து பேசத் தயங்கி நகைப்புக்கு உள்ளாகும்போது நேர்வது இளிவு. கட்டணத் தேதி நெருங்கும்போது வறுமை. மாணவர் மனநலம் பற்றிய உரைகள் பெரும்பாலும் இழவு ஒன்றையே, அதிலும் காதல் தோல்வியையே, காரணமாக எடுத்துக்கொள்கின்றன. தொல்காப்பியர் நான்கினையும் ஒருசேர வைத்திருப்பதால் இம்மூன்றும் மறைக்கப்படாமல் நிற்கின்றன.

வறுமைக்கும் உறக்கத்திற்கும் உள்ள தொடர்பை அறநூலும் ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. நல்குரவு அதிகாரத்தின் 1049ஆம் குறள், நெருப்பினுள் உறங்குதலும் ஆகும், வறுமையில் கண்மூடுதல் அரிது என்னும் கருத்துடையது. துயிலைக் கெடுப்பவற்றுள் ஒன்றாகக் கண்டித்த அதே நூல், துயில் வாராமைக்கு வறுமையைக் காரணமாகக் காட்டுகிறது. மாலை முதல் நள்ளிரவு வரை உணவு கொண்டுசேர்க்கும் வேலையோ துணிக்கடை வேலையோ பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் கண்ணயரும் மாணவரைப் பொறுத்தவரை, 605ஐக் காட்டிலும் 1049 பொருத்தமான குறளாகும்.

வைகறையும் யாமமும்

வைகறையில் எழுக என்பது தமிழ் அறநூல்களின் பொதுக் கட்டளை. ஆத்திசூடி அதனைச் சுருங்கக் கூறுகிறது. பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, வைகறையில் விழித்து அன்று செய்யவேண்டிய அறத்தையும் பொருளையும் எண்ணிப் பெற்றோரைத் தொழுது நாளைத் தொடங்கச் சொல்கிறது. இக்கட்டளையின் உள்ளே சொல்லப்படாத ஒரு முன்நிபந்தனை உள்ளது. தமிழ்ப் பொழுதுப் பகுப்பில் வைகறைக்கு முன் யாமம் வருகிறது. யாமம் உறக்கத்திற்குரிய பொழுதாக இருந்தாலன்றி வைகறை எழுச்சிக்குரிய பொழுதாக இருக்க இயலாது. விளக்கெண்ணெய் தீர்ந்தால் இருள் சூழும் ஊரில் அந்நிபந்தனையைத் தனியே விதிக்கவேண்டிய தேவை எழவில்லை. இன்று யாமம் முழுவதும் கைப்பேசியின் ஒளியில் கழிகிறது. முதலாவதை விடுத்து இரண்டாவதை மட்டும் வற்புறுத்துவது உறக்க நேரத்தை இருபுறமும் வெட்டுவதாகும்.

உடலியலும் இங்குக் கருதத்தக்கது. உறக்கத்தை இரு ஆற்றல்கள் நெறிப்படுத்துவதாக அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் விளக்கினார். விழித்திருக்கும் நேரத்திற்கு ஏற்பப் பெருகிவரும் உறக்க அழுத்தம் ஒன்று. பகலிரவுச் சுழற்சியை அளக்கும் உடற்கடிகாரம் மற்றொன்று. தேர்வுக்காலத் தேநீரும் காப்பியும் முதலாவதை மறைக்கின்றன. இரவொளி இரண்டாவதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறங்கி எழும் இயல்பான நேரம் குழந்தைப் பருவத்திலிருந்து படிப்படியாகப் பின்தள்ளிப்போய் ஏறத்தாழ இருபது வயதில் உச்சத்தைத் தொடுகிறது. அதன்பின் மீண்டும் முன்னேறத் தொடங்குகிறது. கல்லூரிப் பருவம் அவ்வுச்சத்தில் அமைகிறது. மாணவர் தாமதமாக எழுவதில் ஒரு பகுதி பருவத்தின் இயல்பு. அறிவுரை கூறும் பேராசிரியர் தம் ஐம்பது வயதின் உறக்கத்தைக் கொண்டு இருபது வயதின் உறக்கத்தை அளக்கிறார்.

எழுப்புதல் என்பது முற்காலத்தில் தனியொருவரின் மனவுறுதிக்கு மட்டும் விடப்பட்ட செயலன்று. மன்னனைத் துயில்கொள்ளச் செய்யும் கண்படைநிலையும், துயிலெழுப்பும் துயிலெடைநிலையும் தொல்காப்பியப் புறத்திணையியலில் துறைகளாக உள்ளன. மன்னனுக்குச் சூதர் செய்ததை எளிய வீடுகளில் தாய் செய்தாள். விடுதியில் அப்பணி கைப்பேசியின் மணியொலிக்கு உரியதாயிற்று. உறங்கச் செல்ல நினைவூட்டுபவர் எவருமில்லை.

கட்டிலும் கலமும்

ஆசாரக்கோவையின் உணவு விதிகளுள் சில இன்று நம்பிக்கை சார்ந்தவையாகத் தோன்றலாம். கிழக்கு நோக்கி உண்ணுதல் அத்தகையது. ஆனால் படுத்துக்கொண்டு உண்ணாமை, நின்றுகொண்டு உண்ணாமை, கட்டில்மேல் இருந்து உண்ணாமை, மிகையாக உண்ணாமை என்பன ஒரே கருத்தில் இணைகின்றன. உண்பதற்கென ஓர் இடமும் ஒரு பொழுதும் தனியே இருத்தல் வேண்டும். விடுதி அறையில் கட்டிலே படிப்பிடம், உண்ணுமிடம், உறங்குமிடம், திரைப்படம் பார்க்குமிடம். உறக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் கட்டிலை உறக்கத்திற்கு மட்டுமே பயன்படுத்துமாறு மருத்துவர் கூறுவது வழக்கம். இரு நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரு நடைகூடத்தில் வாழும் விடுதியில் அதனைக் கடைப்பிடிக்க வாசிப்பறை இரவிலும் திறந்திருக்க வேண்டும். உணவுக்கூடம் வகுப்புநேரத்தை ஒட்டி இயங்க வேண்டும். இவை மாணவரின் ஒழுக்கத்தைச் சார்ந்தவை அல்ல, நிருவாகத்தைச் சார்ந்தவை.

காலை உணவை விடுத்தல் குறித்தும் இதுவே கூறத்தக்கது. ஊரிலிருந்து முதற்பேருந்தில் வரும் மாணவர் உண்ணாமல் புறப்படுகிறார். 2022 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளி மாணவருக்கு உரியது. கல்லூரியை அது எட்டவில்லை. உணவின் தரம் மனநிலையை மாற்றுமா என்பதற்கு 2019இல் ஹெதர் பிரான்சிஸ் முதலானோர் ஆஸ்திரேலியாவில் மேற்கொண்ட சிறு சோதனை ஓரளவு சான்றாகிறது. மனச்சோர்வின் குறிகளும் குறைபட்ட உணவுப் பழக்கமும் உடைய 76 இளைஞர்களுள் ஒரு பகுதியினர் மூன்று வாரம் காய்கனி, மீன், முழுத்தானியம் முதலியவற்றை மிகுத்து உண்டனர். அவர்தம் மனச்சோர்வுக் குறிகள் மற்றவரினும் குறைந்தன. எண்ணிக்கை சிறிது, காலமும் சிறிது. எனினும் மாணவப் பருவத்தினரிடம் நிகழ்த்தப்பட்ட சோதனை என்பதால் பொருட்படுத்தத்தக்கது.

விளையாட்டு

உவகை என்னும் மெய்ப்பாடு செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியம். புலன் என்பது அறிவு என்று கொள்ளப்படும். கல்லூரி தருவதாகக் கூறிக்கொள்வது அதுவே. விளையாட்டினை ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடுதல் என்று விளக்குவது உரைமரபு. திறந்த வெளியும் உடன் ஆடுவோரும் அவ்விளக்கத்தில் உள்ளடங்கியுள்ளனர். உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வயதுவந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. மாலையில் விரைந்து வாயில் அடைக்கப்படும் பெண்கள் விடுதிகளில் அந்நிமிடங்களை எங்குத் தேடுவது என்பதற்கு அந்நெறிமுறையில் விடையில்லை.

மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைகளுள் நடத்தைத் தூண்டல் என்பதொன்று. பீட்டர் லெவின்சோன் 1970களில் அதன் அடிப்படையை வகுத்தார். ஊக்கம் வந்தபின் செயலில் இறங்கலாம் என்று காத்திராமல், சிறு செயல்களை முன்னதாகவே வகுத்துச் செய்யச் செய்ய மனம் மெல்ல எழும் என்பது அதன் கொள்கை. திருக்குறளில் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவதை இதனோடு இணைத்துக் காண இடமுண்டு. சிகிச்சையில் அச்செயல் மிகச் சிறியதாக வகுக்கப்படுகிறது. துணையொருவர் உடனிருந்து வகுக்கிறார். 'முயற்சி செய்' என்னும் வெற்றுக் கட்டளைக்கும் அதற்கும் உள்ள தொலைவு இதுவே.

மருந்து அதிகாரம்

குறைவையும் மிகுதியையும் பிரித்துவைத்த மரபில், இரண்டையும் ஒன்றாகக் கண்ட இடம் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம். அதன் முதற்குறளாகிய 941, அளவில் மிகுந்தாலும் குறைந்தாலும் வளி முதலாகிய மூன்றும் நோய் செய்யும் என்று தொடங்குகிறது. எது மிகுதல், எது குறைதல் என்பதைக் குறள் வெளிப்படக் கூறவில்லை. பரிமேலழகர் உணவும் செயல்களும் என்று இரண்டனையும் கொள்கிறார். மனம், மொழி, மெய் ஆகியவற்றின் தொழில்களை அவை வருந்துவதற்கு முன்னரே நிறுத்துதல் செயலின் அளவு என்பது அவர் கருத்து. தேர்வுக்கு முதல்நாள் விடியவிடியப் படித்தலை விடாமுயற்சியாகப் போற்றும் வழக்கிற்கு அவ்வுரை இடந்தரவில்லை. அங்கு அளவும் பொதுவளவன்று. ஒருவரின் உடலியல்புக்கு ஒத்த அளவு. எட்டு மணி நேரம் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணை விதிப்பதினும் இது நுட்பமானது.

அதே அதிகாரத்தின் 949ஆம் குறள் நோயுற்றவரின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராயச் சொல்கிறது. பகலில் உறங்கும் மாணவரிடம் இம்மூன்றையும் கேட்டறிவது கடினமன்று. முன்னர் இவர் இவ்வாறு இருந்தாரா, இப்போது உணவும் நட்பும் படிப்பும் எவ்வளவு குறைந்துள்ளன, இது எத்தனை நாளாக நிகழ்கிறது என்பவையே அவ்வினாக்கள். பிஎச்கியூ-9 இரு வார எல்லையை வைத்திருப்பது காலம் என்னும் மூன்றாவதன் பொருட்டே. ஒரு வார இறுதியில் உறங்கிக் கழிப்பவர் வேறு. பதினைந்து நாள் அவ்வாறு இருப்பவர் வேறு.

இறுதிக் குறளாகிய 950 மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். நான்காமவருக்கு அக்குறள் தரும் பெயர் உழைச்செல்வான். கல்லூரிகளில் மனநல ஆலோசகர் அமர்த்தப்படும்போது இரண்டாம் கூறு நிறைவெய்துகிறது. ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் இரவுபகலாகத் தமிழிலும் கட்டணமின்றிப் பேசலாம். ஆயினும் கையாற்றில் இருப்பவர் தாமாக எண்ணைத் தேடி அழைப்பார் என்று எதிர்பார்ப்பது அச்சொல்லின் பொருளுக்கே முரண். உணவுக்கூடத்திற்கு ஒருவர் பத்து நாளாக வரவில்லை என்பதையும், நள்ளிரவில் அவர் கைப்பேசி ஒளிர்ந்துகொண்டே இருப்பதையும், பகலில் போர்வை விலகாததையும் முதலில் அறிபவர் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மாணவர். விடுதி விதிமுறைகளில் அவருக்கு இதுவரை எந்தப் பணியும் வகுக்கப்படவில்லை. ஐயுறும் நிலையில் யாரிடம் சொல்வது, சொன்னால் நண்பர் மீது ஒழுங்கு நடவடிக்கை வராது என்பதற்கு என்ன உறுதி என்னும் இரண்டும் அவருக்குச் சேர்க்கை நாளிலேயே தெரிவிக்கப்படல் வேண்டும்.